பதினேழாம் எண் பொம்மையின் தோள்

எங்கள் நிலையத்தில் கிழிந்தது கிழிந்தபடியே இருக்க வேண்டும். தைத்தால் குற்றம். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "உங்க ஆபீஸ்காரங்கள ஒரு நாள் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வா. இங்க எதுவுமே மாறாம கிழிஞ்சபடியேதான் இருக்கு, பாத்து சொக்கிப் போயிடுவாங்க" என்கிறார். அவருக்கு எல்லாமே விளையாட்டு. எனக்கோ கோபம் மூக்குக்கு மேல் உட்கார்ந்திருக்கும். அது எங்கள் அப்பா விட்டுப்போன ஒரே சொத்து.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருக்கிறது எங்கள் ஜப்பான் பண்பாட்டு நிலையம். வாரத்தில் ஐந்து மாலை மொழி வகுப்பு, மாதம் ஒரு படம், காகிதம் மடிக்கும் பயிற்சி, யாரும் சத்தம் போடாத ஒரு நூலகம். இயக்குநர்கள் மூன்று வருடத்துக்கு ஒருவராக ஜப்பானிலிருந்து வருவார்கள், போவார்கள். நான் மட்டும் பதினோரு வருடமாக அதே நாற்காலியில் அலுவலகப் பொறுப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருக்கிறேன். இப்போதைய இயக்குநர் நல்ல மனிதர். நம் மொழியைப் புத்தகத்தில் படித்தவர். தினமும் காலையில் "தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்பார். அதற்கு மேல் தன் வாயை நம்ப மாட்டார். முக்கியமான பேச்சு என்றால் ஜப்பானிய மொழியில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இந்த வருடம் எங்களுக்குப் பொம்மைக் கண்காட்சி வந்தது. நாற்பத்தொரு பொம்மைகள், பெட்டி பெட்டியாக, நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருப்பவை. ஒரு நாட்டை இன்னொரு நாட்டுக்கு அறிமுகப்படுத்த ஆளை அனுப்புவதைவிடப் பொம்மையை அனுப்புவது உத்தமம் என்பது என் கருத்து. பொம்மை சாப்பாட்டைக் குறை சொல்லாது. ஆனால் பொம்மையோடு ஒரு கோப்பும் வரும். அதில்தான் வில்லங்கம் இருக்கிறது. ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு தாள். முன்பக்கப் படம், பின்பக்கப் படம், எங்கெல்லாம் கீறல், எங்கெல்லாம் கறை என்று சிவப்பு மையில் வட்டம். பெட்டியைத் திறக்கும்போது ஒரு முறை, மூடும்போது ஒரு முறை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தச் சரிபார்ப்புக்கென்றே ஜப்பானிலிருந்து ஓர் அம்மா இரண்டு முறையும் விமானம் ஏறி வருவார். அறுபது வயதிருக்கும். கழுத்தில் கயிற்றில் கட்டிய பூதக்கண்ணாடி தொங்கும். ஜப்பானிய மொழி தவிர வேறெதுவும் பேச மாட்டார். நாங்கள் அவருக்குப் பொம்மையம்மா என்று பெயர் வைத்திருந்தோம்.

பதினேழாம் எண், மாதுளை நிறக் கிமோனோ போட்ட சிறுமிப் பொம்மை. இடது தோளில் கை சேருமிடம் இரண்டு விரற்கடை அளவுக்குப் பிரிந்து, உள்ளே வெள்ளைத் தோள் தெரியும். ஒன்பது நாட்டுக்காரர்கள் அந்தக் கிழிசலுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்த அன்று நான் சும்மா இருக்காமல், "இதை ஒரு தையல் போட்டுவிட்டால் என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

பொம்மையம்மா கோபிக்கவில்லை. "இதை வைத்து விளையாடிய குழந்தை இழுத்துக் கிழித்தது இது. அந்தக் குழந்தை இப்போது இல்லை. அது இருந்ததற்கு இந்தக் கிழிசல்தான் சாட்சி" என்றார். நான் பத்தாவது நாட்டுக்காரியாகக் கையெழுத்துப் போட்டேன்.

இனி அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

என் அண்ணன் தையல்காரன். அண்ணியும் அவனும் ஒரே கடையில் எதிரெதிர் தையல் மிஷினில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் வெட்டுவான், அண்ணி தைப்பாள். அண்ணி போட்ட தையலின் முடிச்சை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் அண்ணன் ஒரு சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே சாய்ந்துவிட்டான். பிள்ளை குட்டி கிடையாது. கடையை மூடிவிட்டு அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து அவள் ஊசியைத் தொடவில்லை. வீட்டில் ஒரு தையல்காரி இருக்க, என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானுக்குத் தெருக்கோடிக் கடைக்குப் போய்வந்தார். நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டில் சும்மா உட்கார்ந்தால் நினைப்பே ஆளைத் தின்றுவிடும் என்று, வந்த மாதமே நான்தான் எங்கள் நிலையத்தைச் சுத்தம் செய்யும் நிறுவனத்தில் சொல்லி வேலைக்குச் சேர்த்தேன். காலை ஏழிலிருந்து பதினொன்று வரை. பெருக்கித் துடைப்பது, கண்ணாடி துடைப்பது. செய்தது நல்ல காரியம்தான். ஆனால் அவள் என் அண்ணி என்று அலுவலகத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. என் திமிர், அவ்வளவுதான். கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை தொங்க, ஜப்பானிய விருந்தினர்களுக்கு வணக்கம் சொல்லி வாசலில் நிற்கும்போது, பின்னால் வாளியோடு போகிறவளைக் காட்டி "இவங்க எங்க வீட்டு மனுஷி" என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. நான் கேட்டுக்கொள்ளாமலே அண்ணி முதல் நாளிலிருந்து என்னை "மேடம்" என்றாள். அது எனக்கு வசதியாக இருந்தது. இப்போது எழுதும்போது காது சுடுகிறது.

கண்காட்சியின் முதல் நாள், கண்ணாடிப் பேழைகளைத் துடைத்துக்கொண்டே அண்ணி மெதுவாகக் கேட்டாள்: "மேடம், எல்லாப் பொண்ணு பொம்மைக்கும் அக்குள் கிட்ட தையல் போடாம விட்டிருக்காங்களே, மறந்துட்டாங்களா?"

"அது அந்த உடுப்போட அமைப்பு. அப்படித்தான் தைப்பாங்க" என்றேன்.

"அப்போ பதினேழுக்குத் தோள்ல இருக்கறது?"

"அது கிழிசல். அதை ஒண்ணும் பண்ணக் கூடாது. வேலையப் பாருங்க" என்றேன். ஏன் கூடாது என்று சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

மூன்று வாரம் ஓடியது. சனிக்கிழமையோடு கண்காட்சி முடிந்தது. திங்கட்கிழமை பொம்மையம்மா வந்து பெட்டி கட்டுவதாக ஏற்பாடு. சனி மாலை நான் பேழைகளைத் திறந்து, ஈரத்தை உறிஞ்சும் பொட்டலங்களை மாற்றிக்கொண்டிருந்தேன். பதினேழில் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. ஓடிப்போய்ப் பேசினேன். பேசி முடித்து, விளக்கை அணைத்து, வீட்டுக்குப் போய்விட்டேன். பேழையைப் பூட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிலையத்துக்கு விடுமுறை என்றாலும் அண்ணிக்குச் சுத்தம் செய்யும் முறை இருந்தது. அன்று மதியம் வீட்டுக்கு வந்தவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். என் வீட்டுக்காரர் எனக்குக் கண்ணைக் காட்டினார். நல்ல பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தேன். பதினேழின் முன்னால் கால் நின்றுவிட்டது. தோள் மூடியிருந்தது. கிழிசல் இருந்த இடமே தெரியவில்லை. குனிந்து, நிமிர்ந்து, வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் மயிரிழை போல ஒரு கோடு. முடிச்சைத் தேடினேன். இல்லை.

அடுத்த நொடி கோபம் தலைக்கேறியது. சமையலறை போல நாங்கள் வைத்திருக்கும் சின்ன அறையில் அண்ணி துடைக்கும் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க? தொடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"கண்ணாடி தொடைக்கும்போது கதவு தானா திறந்துச்சு மேடம். பூட்டல. பையில ஊசிப்பெட்டி இருந்துச்சு, அதே நிறத்துல நூலும் இருந்துச்சு..."

"இங்க யாரும் இல்ல. மேடம் மேடம்னு உயிர வாங்காதீங்க. அது எதுக்குக் கிழிஞ்சிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று, மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொன்னேன். விளையாடிய குழந்தை, அது இல்லாமல் போனது, மிஞ்சிய ஒரே சாட்சி, எல்லாம்.

அண்ணியின் கையிலிருந்த துணி தண்ணீரில் விழுந்தது. "அய்யோ. அந்தப் பிள்ள கை வெச்ச இடத்தையா நான் மூடிட்டேன்?" என்றாள். முகம் வெளிறிவிட்டது. "பிரிச்சுடறேன். அஞ்சே நிமிஷம். பிரிச்சா பழையபடி ஆயிடும். ஊசி போன தடம்கூடத் தெரியாது. உன் மேல ஒரு சொல் வராது."

உண்மைதான். அவள் பிரித்தால் எந்தப் பூதக்கண்ணாடிக்கும் தெரியாது. நான் கோப்பில் டிக் அடிக்கலாம், மூடும்போது போட வேண்டிய கையெழுத்தையும் போடலாம், பொம்மை பெட்டிக்குள் போய்விடும். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் போன பிறகு அண்ணி போட்ட முதல் தையல் அது. இரண்டு வருடமாக எங்களில் எவராலும் அவள் கையில் ஒரு ஊசியைக் கொடுக்க முடியவில்லை. ஏதோ ஒரு நாட்டுப் பொம்மை, மூன்று வாரம் கண்ணாடிக்குள் நின்று, அதைச் செய்துவிட்டது. அதைப் போய்ப் பிரி என்று இவளிடம் எப்படிச் சொல்வது? நான் வாயை மூடிக்கொண்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்குள் வெளியே மின்தூக்கிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பொம்மையம்மா ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

முதல் பதினாறு பொம்மைகளுக்கும் ஒரு குறையும் இல்லை. பதினேழில் பொம்மையம்மா பூதக்கண்ணாடியைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். எடுத்தார். மறுபடி வைத்தார். தாளைப் பார்த்தார். இயக்குநரை அழைத்துவரச் சொன்னார்.

இயக்குநர் வந்து குனிந்து பார்த்து, நிமிர்ந்து, ஜப்பானிய மொழியில் கேட்டார்: "யார் செய்தது?"

அவர் கேட்டது புரியாவிட்டாலும், எங்கள் மூவர் முகத்தையும் பார்த்து அண்ணிக்குப் புரிந்துவிட்டது. வாசலருகில் நின்றவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "நான்தாங்க தெச்சேன். மேடத்துக்குத் தெரியாது. அவங்க எல்லாத்தையும் பூட்டிட்டுத்தான் போனாங்க. நான்தான் சாவிய எடுத்துத் திறந்தேன்."

பச்சைப் பொய். சாவி எங்கே இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது.

இயக்குநருக்கு அந்த அளவு பேச்சு புரியும். அவர் முகம் வாடிவிட்டது. என்னிடம் சொன்னார்: பூட்டிய பேழையைச் சாவி போட்டுத் திறந்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, நிறுவனத்துக்குத் தெரிவித்தாக வேண்டும், இவர் நாளையிலிருந்து வர வேண்டாம். தனக்கு மிகவும் வருத்தம் என்றும் சேர்த்துச் சொல்லச் சொன்னார்.

மொழிபெயர்க்க வேண்டியது என் வேலை. பதினோரு வருடமாக அடுத்தவர்கள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறேன். அண்ணி என்னைப் பார்த்தாள். தலையை இலேசாக ஆட்டினாள். சொல்லிடு, பரவாயில்லை என்கிற மாதிரி.

நான் இயக்குநர் பக்கம் திரும்பினேன். "அவங்க சொன்னது பொய். பேழையைப் பூட்டாமப் போனது நான். சனிக்கிழமை சாயங்காலம். சாவி என் மேசையிலதான் இருக்கு" என்று நம் மொழியிலேயே சொன்னேன். அண்ணிக்கும் புரிய வேண்டும். "இன்னொண்ணும் உங்ககிட்ட மறைச்சுட்டேன். இவங்க எனக்கு அண்ணி. என் அண்ணன் சம்சாரம். எங்க வீட்லதான் இருக்காங்க."

"இரண்டு ஆண்டுகளாகவா?" என்றார் இயக்குநர்.

"ஆமா."

கோபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் அண்ணியின் பக்கம் திரும்பி, இடுப்புவரை குனிந்து வணங்கினார். "தாங்கள் இவருடைய குடும்பத்தார் என்று தெரிந்திருந்தால் முதல் நாளே முறையாக வணக்கம் சொல்லியிருப்பேன். மன்னிக்க வேண்டும்" என்றார். அண்ணி பதறிப்போய்த் தானும் குனிந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பேழை திறந்து கிடந்தது என்றால் பிழை பொறுப்பாளருடையது, சுத்தம் செய்தவருடையது அல்ல என்று அவர் தீர்ப்புச் சொன்னார். தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு எழுத்தில் கண்டனம் வரும். என் பதினோரு வருடப் பதிவேட்டில் அதுதான் முதல் கறுப்புப் புள்ளி. அண்ணி நாளைக்கும் ஏழு மணிக்கு வரலாம். கேட்டதும் அருகிலிருந்த பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பொம்மையம்மாவின் பாடு இன்னும் தீரவில்லை. அவருடைய தாளில் பழைய சேதத்துக்கு ஒரு கட்டம், புதிய சேதத்துக்கு ஒரு கட்டம். கெட்டது நன்றானால் எழுதக் கட்டம் கிடையாது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு பூதக்கண்ணாடியால் அக்குள் பக்கம் பார்த்தார். அங்கே திறப்பு திறந்தபடியே இருந்தது. "தெரியாதவர்கள் இதையும் சேர்த்து மூடியிருப்பார்கள்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அண்ணியைப் பக்கத்தில் கூப்பிட்டு, பூதக்கண்ணாடியைத் தன் கழுத்திலிருந்து கழற்றாமலே அவளிடம் நீட்டி, முடிச்சு எங்கே என்று சைகையில் கேட்டார். அண்ணி காட்டினாள். இருவர் தலையும் ஒட்டியபடி பொம்மையின் தோள் மேல் கவிந்திருந்தன.

"பிரிச்சுடணுமான்னு கேளு" என்றாள் அண்ணி. நான் கேட்டேன்.

அது தன் கையில் இல்லை என்றார் பொம்மையம்மா. அங்கே ஒரு குழு இருக்கிறது, அவர்கள் கூடி முடிவு செய்வார்கள். போன முறை ஒரு பொம்மையின் காது விஷயத்தில் முடிவெடுக்க நான்கு வருடம் ஆயிற்று. அதுவரை பொம்மை இப்படியே சுற்றட்டும். ஆனால் தாளில் மூன்று விவரம் வேண்டும். நூல் என்ன, தையல் எப்படி, செய்த காரணம் என்ன.

நூல், பட்டு. தையல், உள்மடித்து ஒளித்தையல். இரண்டையும் அண்ணி சட்டென்று சொல்ல, நான் சட்டென்று மொழிபெயர்த்தேன். காரணம் என்ற இடத்தில் அவள் நின்றுவிட்டாள். பிறகு என்னைப் பார்க்காமல், பொம்மையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அந்தப் பிள்ளையோட அடையாளத்த அழிக்கணும்னு நான் நினைக்கல. எனக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரர் போனப்புறம் என்னால ஊசியத் தொட முடியல. எடுத்தா கை நடுங்கும். ஊசிப்பெட்டிய வீட்ல வெக்கவும் மனசு வராம தினமும் பையிலயே தூக்கிட்டுத் திரிஞ்சேன். அன்னிக்கு யாருமே இல்ல. இது மட்டும் தோள் தெரிய நின்னுட்டு இருந்துச்சு. அவர் இருந்திருந்தா, 'கொழந்த கூச்சப்படுது பாரு, ஒரு தையல் போட்டு விடு'ன்னு சொல்லியிருப்பார். சொன்ன மாதிரியே இருந்துச்சு எனக்கு. அதான் எடுத்தேன். கை நடுங்கல."

பொம்மையம்மா பேனாவோடு என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டும். முதல் சொல் வந்தது. இரண்டாவது வரவில்லை. 'எங்க வீட்டுக்காரர்' என்று அவள் சொன்னது என் அண்ணன். மிஷினுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இவள் தையலைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பானே, அவன். நான் ஓவென்று அழுதுவிட்டேன், அலுவலகத்தில், பொம்மைகளுக்கு நடுவில்.

அப்போது இயக்குநர் பேசினார். முக்கியமான பேச்சில் என் உதவியில்லாமல் வாயே திறக்காதவர், அண்ணி சொன்னதை முதலிலிருந்து ஜப்பானிய மொழியில் சொன்னார். மெதுவாக, இரண்டு இடத்தில் நிறுத்தி. வீட்டில் வைக்க மனம் வராததைச் சொன்னார். குழந்தையின் கூச்சத்தைச் சொன்னார். கை நடுங்காததைச் சொன்னார். ஒன்றும் விட்டுப்போகவில்லை. நான் சொல்லியிருந்தாலும் இப்படித்தான் சொல்லியிருப்பேன்.

காரணத்துக்குப் படிவத்தில் இரண்டு வரிதான் இடம். பொம்மையம்மா தாளைத் திருப்பி, பின்பக்கம் முழுக்க எழுத ஆரம்பித்தார்.

அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றாள். ஈரக் கையால் என் முதுகைத் தடவினாள். வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள். "அழாத குட்டி. உங்க ஆபீஸ்ல எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும் அண்ணி" என்றேன்.